பேஸ்பால் வீரர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1994 சீசனின் முதல் ஆட்டம். சிகாகோ கப்ஸ் அணியின் டஃபி ரோட்ஸ், நியூயார்க் மெட்ஸின் ட்வைட் குடன் வீசிய பந்துகளில் மூன்று ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தார். ஒரு சீசனின் 162 ஆட்டங்களுக்கு இதைப் பெருக்கினால் 486 வரும். அந்த ஆண்டு அவர் அடித்த மொத்த ஹோம் ரன் 8. வேலைநிறுத்தத்தால் சீசன் ஆகஸ்ட்டிலேயே நின்றுபோனது உண்மைதான், ஆனால் அதனாலா 486 கைநழுவியது?

சீசன் தொடங்கும் ஏப்ரலில் "இதே வேகத்தில் போனால்..." என்று தொடங்கும் வாதங்களின் கதி பெரும்பாலும் இதுதான். நூறு முறை பேட் பிடித்த ஒருவருக்குப் பத்துப் பந்துகள் கூடுதலாக ஆளில்லாத இடத்தில் விழுந்தாலே .250 ஆவரேஜ் (பேட் பிடித்ததில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கு) .350 ஆகிவிடும். சீசன் பாதியைத் தாண்டும்வரை விருதுப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது. அதற்காக ரோட்ஸைக் கேலிப்பொருள் ஆக்கிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் மொத்தமே 13 ஹோம் ரன் அடித்தவர், ஜப்பான் போய் 464 அடித்தார். 2001இல், ஒரே சீசனில் 55 ஹோம் ரன் என்ற ஜப்பான் ஜாம்பவான் சதஹாரு ஓவின் சாதனையையும் சமன் செய்தார்.

அடுத்த தவறு, பந்து வீசும் பிட்ச்சரை அவர் பெயரில் எழுதப்படும் வெற்றிகளை வைத்து அளப்பது. அந்த வெற்றி எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் குறைந்தது ஐந்தாவது வீச வேண்டும். அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். பின்னால் வருபவர்கள் அந்த முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். இதில் அவர் கையில் இருப்பது பாதிகூட இல்லை.

2018இல் மெட்ஸின் ஜேக்கப் டிக்ராம் 217 இன்னிங்ஸ் வீசி 1.70 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தார். அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்கவில்லை. கணக்கில் ஏறியது 10 வெற்றி, 9 தோல்வி. அவருடைய அணி அவருக்கு ரன் அடித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நல்லவேளை, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதுக்கு வாக்களித்த 30 பேரில் 29 பேர் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். 1990இல் நிலைமை வேறு. 27 வெற்றி பெற்ற பாப் வெல்ச்சுக்கு விருது போனது. அதே லீக்கில் ராஜர் கிளெமென்ஸின் ஈ.ஆர்.ஏ. 1.93, வெல்ச்சுடையது 2.95.

பேட்டர்களுக்கு ஆர்.பி.ஐ., அதாவது தன் அடியால் உள்ளே கொண்டுவந்த ரன்களின் எண்ணிக்கை, இதே கதைதான். 1990இல் ஜோ கார்ட்டர் 115 ரன்களை உள்ளே கொண்டுவந்தார், ஆவரேஜ் .232. அந்த சான் டியாகோ அணியில் அவருக்கு முன்னால் பேஸை எட்டக்கூடிய டோனி க்வினும் ராபர்ட்டோ அலோமாரும் இருந்தார்கள். பேஸில் ஆள் நின்றால்தானே உள்ளே கொண்டுவர முடியும்?

மைதானத்தை மறப்பது இன்னொன்று. கொலராடோ அணியின் மைதானமான டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசாக இருப்பதால் அடித்த பந்து தூரம் போகும், வீசிய பந்து சரியாக வளையாது. அங்கே அடித்த எண்களை அப்படியே நம்பக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு வேறொரு தவறு முளைக்கிறது: கொலராடோ வீரர் என்றாலே கழித்துக்கட்டுவது. 1997இல் எம்.வி.பி. (லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது வாங்கிய கொலராடோவின் லாரி வாக்கர் 49 ஹோம் ரன் அடித்தார். அதில் 29 வெளியூர் மைதானங்களில் அடித்தவை. அப்படியும் ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம் வாசலில் பத்தாவது, கடைசி வாய்ப்புவரை நின்று, 2020இல் 76.6 சதவீத வாக்குகளோடுதான் தேர்வானார். தேவை 75.

காலமும் மைதானம் மாதிரிதான். அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக் முழுவதன் ஆவரேஜே 1930இல் .303. 1968இல் அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் சாம்பியன் கார்ல் யஸ்த்ரெம்ஸ்கி எடுத்தது .301. பிட்ச்சர்கள் அந்த அளவுக்கு ஓங்கியிருந்ததால், மறு ஆண்டே பிட்ச்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். இரண்டு காலத்து வீரர்களைப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமென்றால் ஓ.பி.எஸ். பிளஸ் (பேட்டருக்கு), ஈ.ஆர்.ஏ. பிளஸ் (பிட்ச்சருக்கு) போன்ற எண்களைப் பாருங்கள். லீக் சராசரி 100 என்று வைத்து, மைதானத்தையும் ஆண்டையும் சரிக்கட்டிக் கணக்கிடுவார்கள்.

சரி, புதுக் கணக்கு தெரிந்தவர்கள் தவறே செய்வதில்லையா? செய்கிறார்கள். ஒரு சாதாரண மாற்று வீரரைவிட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று மதிப்பிடும் வார் என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 6.2க்கும் 5.9க்கும் சண்டை போடுவார்கள். இதைக் கணக்கிடும் இணையதளங்களில் பேஸ்பால் ரெஃபரன்ஸ், பிட்ச்சர் உண்மையில் கொடுத்த ரன்களிலிருந்து தொடங்குகிறது. ஃபேன்கிராஃப்ஸ், ஸ்ட்ரைக்அவுட், வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்), ஹோம் ரன் இவற்றுக்கு முதலிடம் தருகிறது. ஒரே பிட்ச்சருக்கே இரண்டு எண் வரும்போது அந்த 0.3ஐ வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 2012இல் டிரிபிள் கிரவுன் (ஆவரேஜ், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. மூன்றிலும் லீக்கில் முதலிடம்) வென்ற மிகேல் கப்ரேராவா, ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்ரௌட்டா, எம்.வி.பி. யாருக்கு என்ற வாதத்தில் இடைவெளி பெரியது, பேசுவதற்கு விஷயம் இருந்தது.

அதே ட்ரௌட்டைப் பார்த்து "எத்தனை மோதிரம் (சாம்பியன் அணி வீரர்களுக்குத் தருவது) வாங்கினார்?" என்று கேட்பவர்களுக்கு: ஒன்பது பேர் வரிசையாக ஆடும் ஆட்டத்தில் எவ்வளவு பெரிய பேட்டருக்கும் ஒரு நாளில் நான்கைந்து வாய்ப்புதான். அவர் இருந்த காலத்தில் ஏஞ்சல்ஸ் 2014இல் ஒரே முறை பிளேஆஃபுக்குப் போய், மூன்று ஆட்டத்தில் வெளியே வந்தது.

கடைசியாக ஹால் ஆஃப் ஃபேம். உச்சத்தில் எவ்வளவு சிறந்தவர் என்பது ஒரு கேள்வி, எத்தனை காலம் தாக்குப்பிடித்தார் என்பது வேறு கேள்வி. பிட்ச்சர் சாண்டி கூஃபாக்ஸ் 165 வெற்றிகளோடு 30 வயதில் ஓய்வு பெற்றார், கடைசி ஐந்து சீசனிலும் லீக்கிலேயே குறைந்த ஈ.ஆர்.ஏ. அவருடையதுதான். பேட்டர் ஹரால்ட் பெய்ன்ஸ் 22 சீசன் ஆடி 2,866 ஹிட் சேர்த்தார். எழுத்தாளர்கள் வாக்களித்தபோது 6.1 சதவீதத்தைத் தாண்டாதவர், 16 பேர் கொண்ட குழுவில் 12 வாக்கு பெற்று 2019இல் உள்ளே போனார். அவருடைய பழைய மேலாளர் டோனி லா ரூசா அந்தக் குழுவில் இருந்தார் என்பதை எதிர்த்தரப்பு விடாமல் ஞாபகப்படுத்தும்.

அன்றிலிருந்து பிடித்த வீரருக்காகப் பேசும் எல்லோரும் "பெய்ன்ஸே உள்ளே இருக்கிறார், இவர் ஏன் கூடாது?" என்று கேட்கிறார்கள். பெய்ன்ஸின் வார் 40ஐக்கூட எட்டவில்லை. அவரை அளவுகோலாக வைத்தால், வெளியே நிற்கும் இன்னும் பல நூறு பேருக்குக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.