'முன்கூட்டியே' என்ற சொல்லை எங்கே வைப்பது?

குன்னூரில் எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு அறைகள் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினேன்: "முன்கூட்டியே வருகிறவர்களின் பெயரைக் கொடுங்கள்." முதல் நாளே வருகிற நான்கு பேர் மட்டும் பெயர் கொடுத்தார்கள். திருமணத்தன்று இரவு அறை போதாமல் பெரியம்மா கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். மார்கழிக் குளிர். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1. பொருள்: வரப்போவதை எதிர்பார்த்து, அது வருவதற்குள் ஒன்றைச் செய்வது. "உறைபனி விழும் என்று தெரிந்து நாற்றுகளை முன்கூட்டியே மூடிவிட்டோம்."

2. 'ஏற்கெனவே' வேறு. ஏவல் வினையோடு சேர்த்துப் பாருங்கள். "இ-பாஸ் முன்கூட்டியே எடுங்கள்" சரி. "ஏற்கெனவே எடுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. "ஏற்கெனவே எடுத்துவிட்டேன்" என்பதுதான் வழக்கு. (2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்ததால், இந்த வாக்கியம் எங்களுக்கு அடிக்கடி தேவைப்படுகிறது.)

3. நான் தவறியது இங்கேதான். இந்தச் சொல் தனக்கு அடுத்து வரும் வினையைப் பிடித்துக்கொள்ளும். என் வாக்கியத்தில் 'வருகிறவர்கள்' பக்கத்தில் நின்றதால், சீக்கிரம் வருகிறவர்கள் என்று பொருளாகிவிட்டது. 'கொடுங்கள்' என்பதை ஒட்டி வையுங்கள்: "வருகிறவர்களின் பெயரை முன்கூட்டியே கொடுங்கள்." இரண்டு வினைகள் உள்ள எந்த வாக்கியத்திலும், எதை முன்னால் செய்ய வேண்டுமோ அதை ஒட்டியே எழுதுங்கள். கணினியின் பிழைதிருத்தி இதைக் காட்டிக்கொடுக்காது. தாளில் எழுதி, சொல்லிலிருந்து வினைக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பதையே நான் நம்புகிறேன். கோடு நடுவில் இன்னொரு வினையைத் தாண்டினால் மாற்றி எழுதிவிடுவேன்.

4. ஏகாரத்துக்குப் பின் ஒற்று மிகாது: 'முன்கூட்டியே சொல்லுங்கள்'. மலை ரயிலுக்கு 'முன்கூட்டியே முன்பதிவு' வேண்டாம்; முன்பதிவு என்பதிலேயே முன் இருக்கிறது.

பின்சேர்க்கை: "பருவமழை முன்கூட்டியே தொடங்கியது என்று நாளிதழ்களில் வருகிறதே?" என்று ஒரு வாசகர் கேட்டார். வருகிறது; வழக்கில் நிலைத்தும் விட்டது. ஆனாலும் மழைக்குத் திட்டம் கிடையாது என்பதால் 'முன்னதாகவே' என்றுதான் நான் எழுதுவேன். குறிஞ்சிக்கும் அப்படித்தான். 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதால், அடுத்தது 2030 என்று நாம் முன்கூட்டியே கணக்கிடலாம். ஏதோ ஒரு சரிவில் அதற்குள் பூத்துவிட்டால், அது முன்னதாகவே பூத்தது.