பழைய காருக்கு எந்த ஆயில்: கெட்டியாக மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி ஆயில் குடிக்கிறது, ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது என்று ஒர்க்ஷாப்பில் சொன்னால், "20டபிள்யூ-50 ஊத்திடுங்க, அடங்கிடும்" என்ற பதில் உடனே வரும். சில வண்டிகளுக்கு அது சரியான பதில். பல வண்டிகளில் அது கோளாறைச் சில மாதங்களுக்கு மறைக்கும், அவ்வளவுதான். பதினைந்து, இருபது வருடம், அதற்கும் மேல் ஓடிய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய டீசல் இண்டிகா போன்ற வண்டிகளை இன்னும் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் கேனில் உள்ள எண்கள். டபிள்யூ எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. அந்தச் சோதனை நடப்பதே பூஜ்ஜியத்துக்குக் கீழே. 10டபிள்யூவுக்கு மைனஸ் 25 டிகிரி, 20டபிள்யூவுக்கு மைனஸ் 15. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ 20டபிள்யூ ஆயிலால் செல்ஃப் எடுக்காமல் போகாது. ஆனாலும் முன் எண் குறையக் குறைய, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் மேலே, வால்வுகளை இயக்கும் கேம் வரை சீக்கிரம் போய்ச் சேரும். ஆயில் போய்ச் சேரும் வரை தேய்மானம் அதிகம். ஊட்டி, கொடைக்கானலில் மார்கழி இரவு வெளியே நிற்கும் வண்டிக்கு 15டபிள்யூ அல்லது 10டபிள்யூ நல்லது.

பின்னால் இருக்கும் எண்தான் நம் ஊர் வெயிலுக்கு முக்கியம். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 30-லிருந்து நேராக 50-க்குத் தாவினால் கெட்டித்தன்மை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். மாற்றவே வேண்டுமானால் ஒரு படிதான், 30-லிருந்து 40 அல்லது 40-லிருந்து 50.

கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் கேஜ் முள் ஏறும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். முள் ஏறுவது ஆயில் நகரச் சிரமப்படுவதாலும் இருக்கலாம். பேரிங்கைக் காப்பதும் குளிர வைப்பதும் அதன் வழியே ஓடும் ஆயிலின் அளவு. ஆறிய எஞ்சினில் அளவுக்கு மீறிய கெட்டி ஆயில் இருந்தால் ஃபில்டரின் பைபாஸ் வால்வ் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் வடிகட்டாத ஆயில்தான் பேரிங்குக்குப் போகிறது.

அடுத்தது ஏபிஐ எழுத்துகள், அதாவது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் வகுத்த தர அடையாளம். பெட்ரோல் எஞ்சினுக்கு எஸ் வரிசை, டீசலுக்கு சி வரிசை. பெட்ரோலில் எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று பின்னால் வருவது முன்னதைவிடப் புதியது. கையேட்டில் எஸ்ஜே என்று போட்டிருந்தால் எஸ்என்னோ எஸ்பியோ தாராளமாக ஊற்றலாம். கேனில் ஏபிஐ எழுத்தே இல்லாத ஆயில், பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில், இரண்டையும் தொடவே வேண்டாம். கிரேடு தவறினால் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம். தரம் தவறினால் எஞ்சினுக்குள் கசடு படிந்த பிறகுதான் தெரியும்.

அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் பத்மினியின் 1089 சிசி எஞ்சினும் புஷ்ராடு வகை, அதாவது கேம் கீழே இருந்து கம்பிகள் வழியே வால்வுகளை இயக்கும். டாப்பெட்டின் தட்டையான அடிப்பகுதி கேமின் மேல் நேரடியாக உரசுகிறது. அந்த இடத்தில் உலோகத்தோடு உலோகம் உராயாமல் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை, கடைக்காரர்கள் ஜிங்க் என்று சொல்வது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால், எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 800 பிபிஎம் என உச்சவரம்பு வைத்தார்கள். 40, 50 கிரேடுகளை அந்த வரம்பு பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆக, அம்பாசடருக்கும் பத்மினிக்கும் நல்ல பிராண்டில் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் எடுத்தால், கெட்டித்தன்மை, கேம் பாதுகாப்பு இரண்டுக்கும் ஒத்துப்போகும். வழவழப்பாக ஓடுகிறது என்று இவற்றில் 5டபிள்யூ-30 ஊற்றுவது கேமைத் தின்னும் வேலை. கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு, ஜிங்க் அதிகம் என்று விளம்பரப்படுத்தும் ரேசிங் ஆயில் தேவையில்லை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்து புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. உங்கள் வண்டியின் சைலன்சர் பைப்பைக் குனிந்து பார்த்தாலே இருக்கிறதா, யாராவது கழற்றிவிட்டார்களா என்று தெரிந்துவிடும்.

கார்புரேட்டர் மாருதி 800, ஆம்னிக்கு 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 பொருந்தும். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டி என்றால் கையேட்டில் வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடு அட்டவணை இருக்கும். அதில் 10டபிள்யூ-30 இருந்து, எஞ்சின் ஆயில் குடிக்காமல் ஓடுகிறது என்றால் அதிலேயே இருங்கள், வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். பழைய இண்டிகா டீசலுக்கு சிஎச்-4 அல்லது சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40. டீசலில் ஊற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிடும். கரியைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை, நிறத்தைப் பார்த்து ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

கிரேடை மாற்ற நினைக்கிறீர்களா? அதற்கு முன் வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பிவிட்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அளக்கும் குவளையால் ஊற்றி மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஊற்றிய அளவுதான் கணக்கு. 200, 300 மில்லி என்றால் வயதான எஞ்சினுக்கு அது சாதாரணம், ஆயிலை மாற்ற வேண்டியதில்லை. அரை லிட்டரைத் தாண்டினால் ஒரு படி கெட்டியாக்கிப் பார்க்கலாம். ஒரு லிட்டரைத் தொட்டால் பிஸ்டன் ரிங்கையோ வால்வ் சீலையோ பார்க்க வேண்டும், ஆயில் கடையில் அதற்கு மருந்து கிடையாது.

எது போயிருக்கிறது என்று புகையே காட்டிக்கொடுக்கும். இரவெல்லாம் நின்ற வண்டி காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலமாகப் புகைந்து பிறகு நின்றுவிட்டால் வால்வ் சீல். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் புகைந்தால் ரிங். புகையே இல்லாமல் ஆயில் குறைந்தால் ஒழுகல். நிறுத்தும் இடத்தில் ஒரு அட்டையை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்க வேண்டும், சடசடவென்று சத்தம் வர வேண்டும். அது அடைத்துக்கொண்டால் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) காற்றழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் பிதுங்கும். எஞ்சினையே பிரிக்கச் சொன்ன பல ஒழுகல்கள் இந்தச் சின்ன வால்வில் தீர்ந்திருக்கின்றன.

ஆயில் குறையாமல் ஏறுகிறதா? அதுதான் ஆபத்து. கார்புரேட்டர் மாருதியில் பெட்ரோல் பம்ப்பைக் கேம் ஷாஃப்ட்தான் இயக்குகிறது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டு போனால் பெட்ரோல் வாடை தூக்கும், விரலில் தேய்த்தால் தண்ணீர் போல வழியும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது. பம்ப்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும். ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் போல வெளுத்த பசை படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது வெறும் ஈரமாக இருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

சூடான ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்கினால் உடனே கெட்டி ஆயிலுக்கு ஓடாதீர்கள். அந்த லைட் பொதுவாக அரை பாருக்கும் கீழே இறங்கிய பிறகே எரியும். ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ இருந்தால் பழுது ஸ்விட்ச்சில். இல்லாவிட்டால் பம்ப், அடைத்த ஸ்ட்ரெயினர் (சம்ப்பில் ஆயிலை வடிகட்டும் வலை) அல்லது பேரிங்.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய எஞ்சின் ஒழுகும் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இன்றைய சிந்தெடிக் ஆயில் சீலைக் கெடுப்பதில்லை. ஆனால் காய்ந்து வெடித்த சீலை அடைத்துக்கொண்டிருந்த கசடைக் கரைத்துவிடும், அப்போது ஏற்கெனவே இருந்த ஓட்டை வெளியே தெரியும். கரைந்த கசடு ஸ்ட்ரெயினரை அடைத்தால் எஞ்சினுக்கே கேடு. வால்வ் கவரைத் திறந்து பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் சிந்தெடிக் ஊற்றலாம். தார் போலப் படிந்திருந்தால் மினரலிலேயே 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என இரண்டு மூன்று தடவை ஃபில்டரோடு மாற்றி மெல்லச் சுத்தம் செய்யுங்கள். சம்ப்பில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு ஃப்ளஷ் செய்ய விடவே கூடாது. அதற்குப் பேரிங்கைத் தாங்கும் பசை கிடையாது, வடித்த பிறகும் மூலைகளில் தங்கிப் புது ஆயிலையும் இளக்கிவிடும்.

மாற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், ஆயில் கசடோடு இறங்கும். ப்ளக் கழற்றிக் குறைந்தது பதினைந்து நிமிடம் வடியவிட்டு, வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வழக்கம் உண்டு. அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையத்துக்கு நடுவே ஆயில் பீய்ச்சி அடித்து, சில நிமிடத்தில் சம்ப் காலியாகும். விரலால் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் ஆயில் தடவி, அது பிளாக்கைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினால் போதும். மாருதி 800-க்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று லிட்டருக்குள் பிடிக்கும். கேனை மொத்தமாகக் கவிழ்க்காமல் இரண்டரை லிட்டரில் நிறுத்தி, ஒரு நிமிடம் ஓட்டி, அணைத்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையைப் பம்ப்பால் சரியாகத் தள்ள முடியாது.

பங்க்கில் அவசரத்துக்கு வாங்கும் 20டபிள்யூ-40 ஒரு லிட்டர் டப்பா பெரும்பாலும் பைக்குக்கு உரியது. ஜேசோ எம்ஏ என்று அதில் போட்டிருக்கும், ஈரக் கிளட்ச்சுக்காகத் தயாரித்தது. ஆயில் வற்றி நடுவழியில் நின்றால் ஊற்றி வீடு சேரலாம், வழக்கமாக வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான 2டி ஆயில் எந்தக் காரணத்துக்கும் சம்ப்பில் போகக் கூடாது. போலி ஆயில் பெரும்பாலும் அசல் காலி கேனில்தான் வருகிறது. மூடியின் சீல் உங்கள் கண் முன்னால் உடையட்டும், காலியான கேனை அங்கேயே ஓட்டை போட்டுவிடுங்கள்.

மினரல் ஆயிலுக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. புதிய கிரேடுக்கு மாறியிருந்தால் முதல் 1,000 கிலோமீட்டரில் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்த்து, அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள். பழைய கிரேடில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டு, குடிப்பது குறையவே இல்லை என்றால் பழைய கிரேடுக்கே திரும்பிவிட்டு, ஆயிலுக்குச் செலவழிக்கும் பணத்தை வால்வ் சீலுக்கு ஒதுக்குங்கள்.