மின்னூலுக்குக் காசு கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கடையில் 200 ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்குகிறீர்கள், போனிலும் அதே 200 ரூபாய்க்கு ஒரு மின்னூல் வாங்குகிறீர்கள். காசு ஒன்றுதான், ஆனால் கைக்கு வருவது ஒன்றல்ல. இதைச் செய்து பார்த்தால்தான் சட்டென்று பிடிபடும்.

படி 1: மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து திருக்குறளை இறக்கிக்கொள்ளுங்கள். தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வலர் முயற்சி அது. முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கும் கொடுக்கலாம் என்று அவர்களே அனுமதித்திருக்கிறார்கள். அதை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவரிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும். அச்சுப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் அலமாரியில் அந்த இடம் காலி. தாள், மை, கூரியர் எதுவும் இல்லாமல் இப்படி எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால்தான் பல கடைகள் கோப்புக்குப் பூட்டுப் போட்டு விற்கின்றன. டிஆர்எம் என்பது அந்தப் பூட்டுதான்.

படி 2: இப்போது காசு கொடுத்து வாங்கிய மின்னூல் ஒன்றை எடுங்கள். நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் போதாது, அதைப் பென் டிரைவில் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில், வேறொரு செயலியில் திறக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் உங்களுக்குக் கிடைத்தது புத்தகமல்ல, படிக்கும் அனுமதி.

இது பெரிய விஷயமா என்று கேட்டால், ஆமாம். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள், ஆனால் புத்தகங்கள் திறக்காமல் போய்விட்டன. தெருமுனைப் புத்தகக் கடை மூடினால் நம் வீட்டு அலமாரியில் யாரும் கை வைப்பதில்லையே!

படி 3: 'வாங்கு' பொத்தானை அழுத்துமுன் நிபந்தனைகளில் 'உரிமம்', 'லைசென்ஸ்' என்ற சொற்களைத் தேடுங்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், அனுமதியை மட்டும் விற்கும் கடை அதைத் தெளிவாகச் சொல்லாமல் அப்படிப் பொத்தான் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

படி 4: பூட்டில்லாத கோப்பு கிடைத்ததா? சரி, உடனே இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று போனுக்கு வெளியே இருக்கட்டும். பூட்டில்லை என்பதற்காகக் காசு கொடுத்து வாங்கியதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், எழுதியவருக்கு வருமானமே அதன் விற்பனைதான்.