முதல் தலைமுறை லேப்டாப்: வாங்குவதிலும் காத்திருப்பதிலும் நடக்கும் தவறுகள்

புது வடிவமைப்பில் ஒரு லேப்டாப் வந்தால், “முதல் தலைமுறையைத் தொடாதே, ரெண்டாவது வரட்டும்” என்று சொல்லாத ஆளே இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்து வருவது திருத்தப்பட்டதாகத்தான் இருக்கும் என்று எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்கவில்லையே, அதை மறப்பதுதான் முதல் தவறு.

ஆப்பிளின் பட்டர்ஃப்ளை என்ற மெல்லிய கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் 12 இன்ச் மேக்புக்கில் வந்தது, அடுத்த வருஷம் மேக்புக் ப்ரோவுக்கும் போனது. கீயின் அடியில் ஒரு தூசி நுழைந்தால் போதும், அடித்த எழுத்து இரண்டு தடவை விழும், இல்லாவிட்டால் விழவே விழாது. 2018-ல் கீகளுக்கு அடியில் மெல்லிய சிலிகோன் உறை போட்டார்கள், 2019-ல் உள்ளே இருக்கும் பொருளையே மாற்றிப் பார்த்தார்கள். சரி, பொறுமையாக இருந்து அந்த 2019 மாடலை வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? அது அறிமுகமான நாளிலேயே, இந்தக் கீபோர்டுக்காக ஆப்பிள் நடத்திய இலவச ரிப்பேர் திட்டத்தின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அந்த வருஷ நவம்பரில் வந்த 16 இன்ச் மாடலில் பட்டர்ஃப்ளைக்கு முன்பிருந்த சிசர் வகை கீபோர்டுக்கே திரும்பினார்கள். குறை வடிவமைப்பின் அடியிலேயே இருந்தால் அடுத்தடுத்த திருத்தம் எல்லாம் ஒட்டுப் போடுவதோடு சரி.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே கம்பெனியில்தான் நடந்தது. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் சிப்பைப் பொறுத்தவரை முதல் தலைமுறை: எம்1 என்ற ஆப்பிளின் சொந்தச் சிப்பே புதுசு, மேக்கில் இன்டெலை விட்டு வெளியே வந்த முதல் வருஷம். ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் இணைக்க முடியும் என்பது போன்ற குறைகள் இருந்தன, ஆனாலும் வாங்கியவர்கள் பெரும்பாலும் வருத்தப்படவில்லை. காத்திருந்து 2022-ல் எம்2 ஏரின் 256 ஜிபி மாடலை வாங்கியவர்களுக்கோ, இரண்டு சேமிப்பு சிப்புக்குப் பதிலாக ஒன்றுதான் வந்தது, அதனால் பெரிய ஃபைல்களைப் படித்து எழுதும் வேகம் எம்1-ஐ விடக் குறைந்துபோனது.

ஆக, “இது முதல் தலைமுறையா” என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. எந்தப் பாகம் புதுசு, அது கெட்டால் வீட்டில் உட்கார்ந்தபடியே அப்டேட்டில் சரியாகுமா, இல்லை லேப்டாப்பைத் திறந்தால்தான் ஆகுமா என்று கேட்க வேண்டும். மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் அதே பாடியில் சிப்பை மட்டும் மாற்றி விற்கிறார்கள் என்றால், பெயரில் “நியூ” இருந்தாலும் பெரிய பயம் இல்லை. பாடி, கீல், கூலிங், சிப் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்றால் அங்கேதான் யோசிக்க வேண்டும். மாடல் எண்ணை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

“அப்டேட்டில் சரிபண்ணிடுவாங்க” என்று நம்பி வாங்குவது இன்னொரு தவறு. சில சமயம் உண்மையிலேயே சரியாகும். 2018-ல் இன்டெலின் ஐ9 சிப்போடு வந்த மேக்புக் ப்ரோ சூடாகி ரொம்பவே மெதுவாகிறது என்று புகார் கிளம்பியதும், குறை ஃபர்ம்வேரில் (ஹார்டுவேரை இயக்கும் உள் சாஃப்ட்வேரில்) இருந்ததால் சில நாட்களிலேயே அப்டேட் வந்துவிட்டது. ஆனால் 2016 மேக்புக் ப்ரோவின் திரைக்குப் போகும் மெல்லிய கேபிளை எந்த அப்டேட் நீட்டிக் கொடுக்கும்? மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது கீலின் மேல் இழுபட்டுத் தேய்ந்தது. முதலில் திரையின் அடியில் மேடை விளக்கு மாதிரி அங்கங்கே வெளிச்சம் தெரியும், அப்புறம் ஓரளவுக்கு மேல் திறந்தால் திரையே இருட்டிவிடும். கேபிள் திரையோடு சேர்ந்தே இருப்பதால் மாற்றினால் முழுத் திரையையும் மாற்ற வேண்டும். 2018 மாடலில் கேபிளை 2 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள், அவ்வளவுதான் திருத்தம்! 13 இன்ச் மாடலுக்கான இலவச ரிப்பேர் திட்டம் 2019-ல்தான் வந்தது.

முதல் வாரத்து ரிவ்யூக்களை மட்டும் படித்து முடிவெடுப்பதும் இதனால்தான் ஆபத்து. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, ஃபேன் எவ்வளவு சத்தம் போடுகிறது, திரை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதில் சரியாகவே இருக்கும். நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடிய பிறகு தெரிகிற குறை எப்படி இருக்கும்? எவ்வளவு நேர்மையான ரிவ்யூவர் என்றாலும் ஒரு வாரத்தில் அதைக் காட்ட முடியாது. புதுப் பாடி என்றால் நாலைந்து மாதம் கழித்து வாங்கியவர்கள் என்ன புலம்புகிறார்கள் என்று பாருங்கள்.

சிப்பின் வகையே மாறும்போது ஹார்டுவேரை விட சாஃப்ட்வேர்தான் காலை வாரும். 2024-ல் ஃபோன் சிப் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் சிப்போடு விண்டோஸ் லேப்டாப்புகள் வந்தபோது பேட்டரி விஷயத்தில் நன்றாகவே இருந்தன, பழைய விண்டோஸ் புரோகிராம்கள் பலவும் எமுலேஷனில் (வேறு வகைச் சிப்புக்கு எழுதியதை இந்தச் சிப்பில் ஓட்டும் வழியில்) ஓடின. ஆனால் பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் எமுலேஷனில் ஓடாது. பழைய பிரிண்டர், ஆபீஸ் விபிஎன், ஏமாற்றுத் தடுப்பு சாஃப்ட்வேர் கேட்கும் கேம் என்று இதில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். தினமும் தொடுகிற புரோகிராம்களை எழுதிவைத்து ஒவ்வொன்றும் அந்தச் சிப்பில் ஓடுமா என்று பார்க்க அரை மணி நேரம் போதும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

குறை அறிவித்தவுடன் மொத்தமாக ஒதுக்கிவிடுவதும் தேவையில்லை. 2011 ஜனவரியில் இன்டெல் தன் 6 சீரிஸ் சிப்செட்டில் சாட்டா போர்ட்டுகள் (டிஸ்க்கை இணைக்கும் இடங்கள்) நாளாக ஆகப் பழுதாகலாம் என்று அறிவித்து சப்ளையை நிறுத்தியது. ஆனால் பாதிப்பு மெதுவான போர்ட்டுகளுக்கு மட்டும்தான், வேகமான இரண்டு போர்ட்டுகளை மட்டும் பயன்படுத்திய லேப்டாப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம், காத்திருப்பதற்கும் ஒரு முடிவு வேண்டும். இருக்கிற லேப்டாப் தினமும் வேலையைக் கெடுக்கிறது என்றால், வரப்போகும் மாடலைப் பற்றிய வதந்தியைப் படித்துக்கொண்டிருப்பதில் லாபம் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் முதல் ஆளாக ஓடவும் அவசரமில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஸ்லீப்பில் போட்டு எழுப்புவது, வெளி மானிட்டர், ப்ளூடூத், எல்லா போர்ட்டுகள் என்று எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள், பழைய லேப்டாப்பை உடனே விற்காதீர்கள்.

பாகத்தை நாமே மாற்ற முடிகிற லேப்டாப் என்றால் இந்தக் கணக்கே வேறு. ஃப்ரேம்வொர்க் என்ற கம்பெனி 2021-ல் விட்ட முதல் லேப்டாப்பின் கீல் தளர்வாக இருக்கிறது, மூடி ஆடுகிறது என்று பலர் சொன்னார்கள். பின்னால் இறுக்கமான கீலைத் தனியாகவே விற்றார்கள், முதல் மாடல் வாங்கியவர்களும் அதை வாங்கித் தாங்களே பொருத்திக்கொள்ள முடிந்தது.