எந்தப் பிரிவின் கீழ்? ஏஐ பாதுகாப்புக் கொள்கைப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு பற்றிக் கொள்கை அளவில் வேலை பார்க்க இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். சட்டம் படித்தவர்கள், ஐடி வேலை அலுத்து வந்தவர்கள், பொருளாதாரத்தில் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். டில்லியில் ஒரு சிறிய குழுவை நடத்துகிறேன் என்பதால் அவர்களுடைய முதல் வரைவுகள் என்னிடம்தான் வருகின்றன. ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில் இருக்கும். கெடு தாண்டி அனுப்புவது, கூட்டத்துக்குப் படிக்காமல் போவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித் திருந்துகிறவர் சொல்லாமலே திருந்திவிடுவார்.

எல்லா ஆபத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவது

டீப்ஃபேக், வேலையிழப்பு, கடன் விண்ணப்பத்தில் பாரபட்சம், உயிரியல் ஆயுதம் செய்ய உதவும் மாடல், மாடலின் எடைகளையே (பயிற்சியில் அது கற்றதைத் தாங்கும் எண்களை) யாரோ திருடிப்போவது என்று எல்லாமே ஒரே அறிக்கையில் வரும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு, ஆளும் வேறு. எடைத் திருட்டைத் தடுப்பது பூட்டு, சாவி, உள்ளாள் கண்காணிப்பு சம்பந்தப்பட்ட வேலை. ஆயுதத் தயாரிப்புக்கு மாடல் எவ்வளவு உதவும் என்பதை வெளியிடும் முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும். தேர்தல் நேரத்துப் போலி வீடியோ சமூக ஊடகத் தளங்களின் பொறுப்பில் வருகிறது.

மூட்டையாகக் கொடுத்தால் படிக்கிறவர் தனக்குப் பழக்கமான ஒன்றை மட்டும் உருவிக்கொள்வார். பெரும்பாலும் அது டீப்ஃபேக்காக இருக்கும். மற்ற நான்கையும் பேசி முடித்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

"அரசு இதைச் செய்ய வேண்டும்"

இத்தனை நாளாகியும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

முதல் முப்பது பக்கம் அருமையாக இருக்கும். மாடல்கள் எப்படித் தவறுகின்றன, எங்கே என்ன நடந்தது, எந்தச் சோதனை எதைக் கண்டுபிடிக்கிறது, எல்லாம் இருக்கும். கடைசி இரண்டு பக்கம் பரிந்துரைகள். "ஆபத்தான மாடல்கள் வெளியீட்டுக்கு முன் சோதிக்கப்பட வேண்டும்." "ஏஐ விபத்துகளுக்குத் தேசியப் பதிவேடு உருவாக்கப்பட வேண்டும்." "சுதந்திரமான தணிக்கை உறுதி செய்யப்பட வேண்டும்." யார் சோதிப்பது, எந்தச் சட்டத்தின் பலத்தில், மறுக்கிற நிறுவனத்தை என்ன செய்வது, சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து? மூச்சு இருக்காது. ஊருக்குப் பொதுவாக விட்ட மாட்டுக்கு யார் தீனி போடுவது?

ஒரு முறை ஒரு மூத்த அதிகாரியைப் பார்க்க எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. அதிகாரி அறிக்கையை வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பென்சிலை எடுத்துச் சில வரிகளை அடித்தார். அவை அவருடைய துறைக்கு உரியவையே இல்லையாம். மிச்சத்தைக் காட்டி, "இதில் நான் கையெழுத்துப் போடக்கூடியது எது?" என்று கேட்டார். நம்மவர் விடவில்லை. "எல்லாமே அரசு செய்ய வேண்டியவைதான், சார்." அதிகாரி சிரித்துக்கொண்டே, "அரசு என்று இந்தக் கட்டடத்தில் ஒரு அறை இல்லையே" என்றார். அத்துடன் தேநீர் வந்துவிட்டது, பேச்சு வானிலைக்குப் போய்விட்டது. பல வாரம் முயன்று வாங்கிய நேரம் அது. இரண்டாவது முறை கிடைக்கவில்லை.

அதிகாரி குதர்க்கம் பேசவில்லை. இந்திய அரசில் யாருக்கு எந்த வேலை என்பதற்கு 1961ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் அவற்றைத் திருத்தி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் சார்ந்த சைபர் பாதுகாப்பை மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும், சைபர் குற்றத்தை உள்துறைக்கும், தொலைத்தொடர்பு வலைப்பின்னல் பாதுகாப்பைத் தொலைத்தொடர்புத் துறைக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒட்டுமொத்த ஒருங்கிணைப்பு தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் செயலகத்திடம் இருக்கிறது. மின்தொகுப்பு, வங்கிப் பரிமாற்றம் போன்ற முக்கியக் கட்டமைப்பு என்றால் சட்டத்தின் 70ஏ பிரிவில் வேறொரு அமைப்பு வருகிறது. பங்குச் சந்தைத் தரகர்கள் ஏஐ பயன்படுத்துவதைக் காலாண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்று செபி 2019லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இவ்வளவும் இருக்க, "இந்தியாவில் ஏஐ பற்றி எந்த விதியும் இல்லை" என்று முதல் பத்தியைத் தொடங்குகிறார்கள். அதைப் படிக்கிறவரே அந்த விதியில் கையெழுத்துப் போட்டவராகக்கூட இருக்கலாம்!

விபத்துப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். சைபர் சம்பவங்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி(6) பிரிவின் கீழ் ஒரு ஆணை வெளியிட்டது. சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அது. அதன் முதல் இணைப்பில் தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியல் இருக்கிறது. ஏஐ, இயந்திரக் கற்றல் சார்ந்த அமைப்புகள் மீதான தாக்குதலும் அந்தப் பட்டியலில் உண்டு. புதியவர்களிடம் இதைக் காட்டும்போதெல்லாம் முகம் மாறும். ஆக, "விபத்துகள் பதிவு செய்யப்பட வேண்டும்" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "செர்ட்-இன் அந்த ஒற்றை இனத்தை உடைத்து, மாடல் எடைத் திருட்டு, பயிற்சித் தரவில் நஞ்சு கலத்தல், மாடலை ஏமாற்றி உள் அமைப்புக்குள் நுழைதல் என்று தனித்தனி இனங்களாக்கி அதே பிரிவின் கீழ் திருத்த ஆணை வெளியிடலாம். புதிய சட்டம் தேவையில்லை." இதை ஒரு அதிகாரி கோப்பில் ஏற்றலாம். ஏற்றாவிட்டாலும் ஏன் முடியாது என்று சொல்லியாக வேண்டும்.

இதிலும் ஒரு எல்லை இருக்கிறது. யாரும் தாக்காமல், மாடல் தானாகவே தவறி ஒருவருக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டால் அது சைபர் சம்பவம் ஆகாது; செர்ட்-இன் வாசலில் போய் நின்று பயனில்லை. அப்படிப்பட்ட பாதிப்புகளுக்கான தரவுத்தளத்தை 2025 நவம்பரில் வெளிவந்த இந்திய ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. சென்னை ஐஐடியின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் தலைமையிலான குழு தயாரித்தது அது. இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களே போதும் என்பது அதன் நிலைப்பாடு. அந்த நிலைப்பாடு சரியா என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் இப்போதைக்குப் புதுச் சட்டம் வராது என்று அரசே சொல்லிவிட்ட நிலையில், இருக்கிற பிரிவுகளைப் புரட்டாமல் பரிந்துரை எழுதுவதை என்னவென்று சொல்ல?

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச் காட்டியது. மார்ச் 1 அன்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பெரிய தளங்களுக்கு ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. முழுதாகச் சோதிக்கப்படாத, நம்பகமற்ற மாடல்களை இந்தியப் பயனர்களுக்குத் தருமுன் மத்திய அரசின் வெளிப்படையான அனுமதி பெற வேண்டும் என்றது அது. பாதுகாப்பில் ஆர்வமுள்ளவர்களுக்குக் கொண்டாட்டம். அனுமதிக்கு என்ன சோதனை வைப்பது, எத்தனை நாளில் முடிவு சொல்வது என்று ஆளாளுக்கு வரைவு எழுத உட்கார்ந்தார்கள். மார்ச் 15 அன்று அந்த அறிவுறுத்தலின் இடத்தில் இன்னொன்று வந்தது. அனுமதி என்ற பேச்சே அதில் இல்லை. மாடலின் பதில் நம்பகமற்றதாக இருக்கலாம் என்று முத்திரையிட்டுச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது. இரண்டு வார உழைப்பு குப்பைக்குப் போனது.

அந்த இரண்டு வாரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தப் பிரிவின் கீழ்? அறிவுறுத்தல் சாய்ந்து நின்றது 2021ஆம் ஆண்டின் இடைநிலையாளர் (பிறர் உள்ளடக்கத்தைத் தாங்கும் தளங்கள்) விதிகள் மீது. அந்த விதிகளுக்கு வேர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு. பிறர் போடும் உள்ளடக்கத்துக்குத் தளங்கள் எப்போது பொறுப்பாகாமல் தப்பலாம் என்பதைச் சொல்கிற பிரிவு அது. மாடலை உருவாக்கும் நிறுவனம் எல்லா நேரமும் இடைநிலையாளர் ஆகுமா என்பதே சந்தேகம். அங்கே உரிம முறையைக் கொண்டுபோய் வைத்தால் நிற்காது என்று ஒரு இளநிலை வழக்கறிஞரே அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பார்.

அதனால் எங்கள் குழுவில் பரிந்துரைப் பக்கம் இப்போது ஒரு அட்டவணையாகத்தான் வரும். யார் செய்ய வேண்டும் (பதவி வரைக்கும்). எந்தப் பிரிவு, அல்லது எதைத் திருத்த வேண்டும். செலவு எந்தத் தலைப்பில் வரும். அவர் மறுத்தால் என்ன காரணம் சொல்வார். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் பரிந்துரை வெளியே போகாது. அட்டவணைக்குக் கீழே சட்ட வாசகத்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். முதலில் முனகுவார்கள். வாசகம் எழுத உட்கார்ந்ததும்தான் தங்கள் பரிந்துரையில் பாதி வெறும் ஆசை என்பது அவர்களுக்கே தெரியவரும்.

மாநிலம் என்று ஒன்று இருப்பதை மறப்பது

காவல்துறையும் பொதுச் சுகாதாரமும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. முகமறியும் கருவியைத் தெருவில் பயன்படுத்துவதும், நோயறிய மாடல் வைப்பதும் அங்கேதான் நடக்கின்றன. தமிழ்நாடு 2020லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த ஏஐ கொள்கை ஒன்றை வெளியிட்டு, அரசு வாங்கும் ஏஐ அமைப்புகளை மதிப்பிட டீப்-மேக்ஸ் என்ற மதிப்பெண் அட்டையையும் வைத்தது. டில்லியில் எழுதப்படும் அறிக்கைகளில் அதைப் பார்ப்பது அபூர்வம். சென்னையிலிருந்து வருகிறவர்களே எழுதுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

வெளிநாட்டு எண்ணைப் பிடுங்கி நடுவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தில் 10இன் 25ஆம் அடுக்குக்கு மேல் கணக்கீடு (கணினி செய்யும் கணக்குகளின் எண்ணிக்கை) செலவழித்துப் பயிற்றுவித்த மாடல், அமைப்பளவு ஆபத்து, அதாவது சமூகம் முழுக்கப் பரவக்கூடிய ஆபத்து உள்ளது என்று கருதப்படும். அமெரிக்காவில் பைடனின் 2023 அக்டோபர் ஆணை 26ஆம் அடுக்கை எடுத்துக்கொண்டது. 2025 ஜனவரி 20 அன்று அந்த ஆணையே ரத்தாகிவிட்டது. அதை அடித்தளமாக வைத்து எழுதிய அறிக்கைகள் இன்னும் உலவுகின்றன.

எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் தவறில்லை. சீனாவின் டீப்சீக் நிறுவனம் தன் வி3 மாடல் பற்றி வெளியிட்ட விவரங்களைப் போட்டுப் பாருங்கள்: ஒரு சொல்துண்டுக்கு (டோக்கன்) இயங்குபவை 3,700 கோடி அளபுருக்கள் (மாடலின் உள் எண்கள்), பயிற்சித் தரவு 14.8 லட்சம் கோடி சொல்துண்டுகள். இவ்விரண்டையும் பெருக்கி, அதை ஆறால் பெருக்கும் வழக்கமான கணக்கில் 10இன் 24ஆம் அடுக்கைப் போல மூன்று மடங்கு சொச்சம் வரும். ஐரோப்பிய வரம்பில் பாதிகூட இல்லை. அந்த மாடலின் மேல் கட்டிய ஆர்1தான் 2025 ஜனவரியில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதைப் போல, பதில் சொல்லும் நேரத்தில் அதிகம் யோசிக்கும் மாடல்களுக்குப் பயிற்சிக் கணக்கீடு மட்டும் அளவுகோலாகாது. தவிர, இங்கே பெரும்பாலோர் மாடலை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள். பயிற்சி வரம்பு அவர்களைத் தொடவே தொடாது.

பழைய பெயர்கள்

பிரிட்டனின் ஏஐ சேஃப்டி இன்ஸ்டிட்யூட் 2025 பிப்ரவரியில் செக்யூரிட்டி இன்ஸ்டிட்யூட் ஆகிவிட்டது. அமெரிக்காவினுடையதும் அதே ஆண்டு பெயர் மாறியது. அனுப்புமுன் சரிபாருங்கள்.

தாக்கும் முறையை இணைப்பில் அச்சிடுவது

மாடலின் தடைகளை எப்படி உடைத்தோம் என்பதற்கான முழு வாசகங்களையும் பொது அறிக்கையின் கடைசியில் வைக்க ஒருவர் பிடிவாதம் பிடித்தார். "ஆதாரம் இல்லாமல் யார் நம்புவார்கள்?" நியாயமான கேள்விதான். அதற்கு வழி, அறிக்கையை இரண்டு படிகளாக வைப்பது. வெளியே போகும் படியில் எந்த வகைத் தாக்குதல், எந்த வகை விளைவு, எத்தனை முயற்சியில் எத்தனை முறை பலித்தது என்பது போதும். முழு விவரமுள்ள படி முதலில் மாடல் நிறுவனத்துக்கும், தேவைப்பட்டால் செர்ட்-இன்னுக்கும், யாரிடம் கொடுத்தோம் என்ற பதிவோடு போக வேண்டும். அவர்கள் சரிசெய்ய ஒரு கெடு கொடுங்கள். கெடு முடிந்த பிறகும் உயிரியல், வேதியியல் சார்ந்த வாசகங்களை அச்சிட வேண்டாம். இதில் பேரம் கிடையாது.

யார் பணம்

முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாடல் விற்கும் நிறுவனம் தந்த பணம் என்று படிக்கிறவர்களாகத் தேடிக் கண்டுபிடித்தால் மீதிப் பக்கங்களை யாரும் புரட்டமாட்டார்கள்.

கூட்டுக் கடிதம்

கடைசி வரைவைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கருத்து அனுப்பியதும் கோப்பை மூடுவது

சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டுக் கொள்கை. நடைமுறை வேறு. செயற்கையாக உருவாக்கிய உள்ளடக்கம் பற்றிய விதித் திருத்த வரைவு 2025 அக்டோபர் 22 அன்று வந்தது. முதலில் தந்த கெடு நவம்பர் 6. பிறகு 13 வரை நீட்டினார்கள். படத்தின் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டை ‘செயற்கையாக உருவாக்கியது’ என்ற முத்திரை மறைக்க வேண்டும் என்ற வரிதான் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. எங்கள் பக்கத்திலும் இளையவர்கள் அதையே பக்கம் பக்கமாகப் பிரித்து மேய்ந்தார்கள். அனுப்பினார்கள், நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போனார்கள்.

இறுதி விதி 2026 பிப்ரவரி 10 அன்று வந்தபோது அந்த 10 விழுக்காடு காணாமல் போயிருந்தது. ஆணை வந்தால் உள்ளடக்கத்தை நீக்க இருந்த 36 மணி நேரம் 3 மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. வரைவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருந்ததில்லை. பிப்ரவரி 20 முதல் அமல்.

நவம்பர் பாதிக்கும் பிப்ரவரிக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று மாதம். கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது அப்போதுதான். அந்த நேரத்தில் குழுவில் ஒருவருக்காவது அதுவே வேலையாக இருக்க வேண்டும்: கருத்து கேட்ட அதிகாரியிடம் நேரம் வாங்கிப் போவது, மற்றவர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று விசாரிப்பது, நாடாளுமன்றத்தில் வரும் கேள்விகளுக்கு அமைச்சகம் தரும் பதில்களைப் படிப்பது. நான் இப்போது ஒவ்வொரு கருத்துக் கடிதத்துக்கும் ஒரு ஆளை நியமித்து, இறுதி விதி அரசிதழில் வரும்வரை அவர் பெயரிலிருந்து அந்தக் கோப்பை எடுப்பதில்லை. அவருக்கு அது பிடிக்காது. வேறு புதிய தலைப்பு கொடுங்கள் என்று மாதம் ஒருமுறை வந்து கேட்பார்.