லத்தீன் வேற்றுமையும் வினையும்: தமிழ் வழியாக ஒரு தொடக்கம்

'மாலுமி காட்டைப் பார்க்கிறான்' என்றாலும் 'காட்டை மாலுமி பார்க்கிறான்' என்றாலும் நமக்குக் குழப்பம் வராது. 'ஐ' எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வோம். லத்தீனும் இதே கதைதான். 'நௌத ஸில்வம் விதெத்', 'ஸில்வம் நௌத விதெத்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் வாரக்கணக்கில் முட்டி மோதும் இடத்தை நாம் ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடலாம். நாம் சறுக்கும் இடங்கள் வேறு. அங்கேதான் நேரத்தைப் போட வேண்டும்.

முதல் படி: ஒரே ஒரு சொல். 'ஸில்வ' என்றால் காடு. (இலங்கையில் கேட்டுப் பழகிய சில்வா என்ற குடும்பப்பெயர், போர்த்துக்கீசியம் வழியே வந்த இதே சொல்தான்.) கையால் எழுதிப் பாருங்கள்:

ஸில்வ – காடு
ஸில்வம் – காட்டை
ஸில்வை – காட்டின்
ஸில்வை – காட்டுக்கு
ஸில்வா – காட்டில், காட்டிலிருந்து, காட்டால்

முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் வேறுபாடு குறில், நெடில் மட்டுமே. சாதாரண லத்தீன் அச்சில் இது தெரியாது. பாடநூல்களில் நெடிலுக்கு மேலே கோடு போடுவார்கள். தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

இன்னொன்று கவனியுங்கள். 'காடுகளை' என்பதில் 'கள்' தனி, 'ஐ' தனி. லத்தீனில் 'ஸில்வாஸ்' என்ற ஒரே ஈறு பன்மையையும் இரண்டாம் வேற்றுமையையும் சேர்த்துச் சொல்லிவிடும். பிரித்தெடுக்க முடியாது. அதனால் பன்மையைத் தனியாக மனப்பாடம் செய்தே ஆகவேண்டும்: ஸில்வை, ஸில்வாஸ், ஸில்வாரும், ஸில்வீஸ், ஸில்வீஸ்.

இரண்டாம் படி: கடைசி வேற்றுமை பல வேலை பார்க்கும். எந்த வேலை என்பதை முன்னால் வரும் சிறு சொல் காட்டும். 'எக்ஸ் ஸில்வா' காட்டிலிருந்து. 'இன் ஸில்வா' காட்டில். ஆனால் 'இன் ஸில்வம்' என்றால் காட்டுக்குள் போவது. இருப்பதா, போவதா என்று கேட்டுக்கொண்டால் தப்பாது.

மூன்றாம் படி: பெயரடை. இதில்தான் தமிழ் நமக்குக் கைகொடுக்காது. நம் 'நல்ல' எதற்கும் மாறாது. லத்தீனில் ஆண்பாலுக்குப் பொனுஸ், பெண்பாலுக்குப் பொன, அஃறிணை போன்ற மூன்றாம் பாலுக்குப் பொனும். தீபாவளிக்கு வாங்கும் போனஸ் இந்தச் சொல்தான்! பால், எண், வேற்றுமை மூன்றும் பொருந்த வேண்டும். ஓசை பொருந்த வேண்டியதில்லை. 'நௌத' பார்வைக்கு ஸில்வ போலவே இருந்தாலும் மாலுமி ஆண்பால். ஆகவே 'நௌத பொனுஸ்' (பொனுஸ் பன்மையில் பொனீ ஆகும்). 'நௌத பொன' என்று எழுதாத தொடக்கக்காரரே இல்லை.

நான்காம் படி: வினை. நன்னூல் படித்தவருக்கு இது பழைய பாடம்: பகுதி, இடைநிலை, விகுதி. 'அமா' (நேசி) பகுதி. நிகழ்காலம்: அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாதிஸ், அமந்த். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியே சொல்லிவிடும். 'அமா-ப-த்' நேசித்துக்கொண்டிருந்தான், 'அமா-பி-த்' நேசிப்பான். நம் 'படிப்பான்' என்பதிலும் ப் எதிர்கால இடைநிலை. உறவு ஒன்றுமில்லை, தற்செயல். நினைவில் வைக்க உதவும், அவ்வளவே. லத்தீன் வினைகளை ஈறுகள் மாறும் விதத்தை வைத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள். இந்த 'பி' முதல் இரண்டு வகுப்புகளுக்குத்தான். மூன்றாம் வகுப்பில் 'ரெகித்' ஆள்கிறான், 'ரெகெத்' ஆள்வான். ஓர் உயிரெழுத்தில் காலமே மாறிவிடும். 'அமாவித்' (நேசித்தான்) போன்ற முடிந்த செயலுக்குப் பகுதியும் விகுதியும் வேறு. அதை அடுத்த மாதம் தொடுங்கள்.

அப்புறம், அகராதியில் பெயர்ச்சொல்லுக்கு இரண்டு வடிவம் தருவார்கள்: 'ரேக்ஸ், ரேகிஸ்' (அரசன், அரசனின்). இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். 'அரசனை' என்பதற்கான 'ரேகெம்' அதிலிருந்துதான் கிளைக்கிறது.

சரி, இப்போது பயிற்சி. 'நௌத பொனுஸ் இன் ஸில்வா அம்புலாபத்', நல்ல மாலுமி காட்டில் நடந்துகொண்டிருந்தான். மாலுமியைப் பன்மையாக்கி, அவர்களைக் காட்டுக்குள் அனுப்புங்கள். 'நௌதை பொனீ இன் ஸில்வம் அம்புலாபந்த்' என்று வந்ததா? 'நௌதை பொனை' என்று வந்திருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.