திருகோணமலையிலிருந்து வனவியல், வனவிலங்கு முதுமாணி: களத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல்

முதுமாணிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் எந்தப் பல்கலைக்கழகம், என்ன கட்டணம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். வனவியலுக்கும் வனவிலங்குச் சூழலியலுக்கும் அந்த ஒழுங்கு சரிவராது. வகுப்புப் பாடங்களை எப்படியும் முடித்துவிடலாம். இரண்டு வருடப் படிப்பு நான்கு வருடமாக நீள்வது கள ஆய்வினால்தான். அதைத் தீர்மானிப்பவை பருவமும் அனுமதிக் கடிதமும். ஆகவே தரவு எடுக்க வேண்டிய மாதத்தை முதலில் நாட்காட்டியில் குறியுங்கள். மற்றதெல்லாம் அங்கிருந்து பின்னோக்கி எண்ணப்பட வேண்டும்.

அதற்கு முன் பட்டத்தின் மட்டத்தைப் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 9ஆம் மட்டம் 30 திறமைப்புள்ளிகள் கொண்ட பாடநெறி முதுமாணி. 10ஆம் மட்டம் 60 புள்ளிகள். அதில் குறைந்தது 15 ஆய்வுக்குரியவை. 11ஆம் மட்டம் முதுதத்துவமாணி, முழுநேரமாகக் குறைந்தது இரண்டு வருடம். பாடத்துக்கு ஒரு புள்ளி என்றால் 50 மணிநேரக் கற்றல். ஆய்வுக்கு ஒரு புள்ளி என்றால் 100 மணிநேரம். 15 ஆய்வுப் புள்ளிகளுக்கு 1500 மணிநேரம் வேண்டும். வேலை செய்துகொண்டு வார இறுதியில் 12 மணிநேரம் ஒதுக்குபவருக்கு அது 125 வாரம், அதாவது இரண்டரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. விண்ணப்பப் படிவம் நிரப்ப முன்னரே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிற்காலத்தில் கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணம் இருந்தால் 9ஆம் மட்டத்தோடு நிற்க வேண்டாம். ஆய்வுப் பயிற்சி இல்லாத முதுமாணி அந்த வாசலில் பெரிதாக உதவாது.

வனவியலுக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. பேராதனையில் பட்டப்பின் விவசாய நிறுவனமும் பட்டப்பின் விஞ்ஞான நிறுவனமும் இருக்கின்றன. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் முடித்தவர்கள் தங்கள் பாடச் சான்றிதழை வைத்து உயிரியல், புள்ளிவிபரவியல் எவ்வளவு படித்திருக்கிறோம் என்று முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வார இறுதி வகுப்பென்றால் போக்குவரத்துச் செலவு கட்டணத்தோடு போட்டி போடும். அதையும் வரவுசெலவில் சேருங்கள்.

பாடத் தெரிவில் ஒன்றே ஒன்றை வற்புறுத்துவோம்: புள்ளிவிபரவியலையும் மாதிரி எடுத்தலையும் முதல் அரையாண்டிலேயே படியுங்கள். முதலில் தரவு, பிறகு புள்ளிவிபரம் என்று போகிறவர்கள் ஒரே பிழையில் விழுகிறார்கள். கன்னியாப் பக்கம் ஒரு காட்டில் 20 கட்டங்கள் (அளப்பதற்காகக் குறித்த சிறு சதுர நிலத்துண்டுகள்), வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த இன்னொரு காட்டில் 20 கட்டங்கள் அளந்துவிட்டு, மாதிரி அளவு 40 என்று எழுதுகிறார்கள். ஒப்பிடப்படுவது இரண்டே காடுகள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ண முடியாது. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் இதைப் போலி மீள்செய்கை என்று விளக்கினார். இன்றும் ஆய்வேட்டுப் பரிசோதகர்கள் முதலில் தேடுவது இதைத்தான். ஒரு காட்டில் 20 கட்டங்களுக்குப் பதிலாக ஐந்து காடுகளில் நான்கு நான்காக அளப்பது மேல். புள்ளிவிபரத்துக்கு ஆர், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், விலங்கு அடர்த்தி கணிக்க டிஸ்டன்ஸ் ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசம். வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பருவமும் அனுமதியும்

எங்கள் மாவட்டத்தில் பெருமழை கார்த்திகை முதல் தை வரை. கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை வரட்சி. மாரியில் சேற்றுப் பாதையால் உள்ளே போக முடியாது, புறாமலைத் தீவுக்குப் படகும் ஓடாது. வரட்சியில் கந்தளாய் போன்ற குளங்களைச் சுற்றி யானைகள் கூடும். பாலை பழுக்கும் ஆனி, ஆடியில் கரடியின் நடமாட்டம் அந்த மரங்களை ஒட்டியே இருக்கும். ஒரே பருவத்தில் எடுத்த எண்ணிக்கையை முழு வருடத்துக்கும் பொதுவானதாக எழுதக்கூடாது. யானை இலத்தியை எண்ணி அடர்த்தி காண்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: மழையில் இலத்தி வேகமாகச் சிதைந்துவிடும். சிதைவு வேகத்தை அதே இடத்தில், அதே பருவத்தில் அளக்காவிட்டால் கோடைக் கணக்கையும் மாரிக் கணக்கையும் ஒப்பிட வழியே இல்லை.

அனுமதிக்கு, இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். தேசியப் பூங்கா, சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். அதற்கான சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும். 2003இல் தேசியப் பூங்காவான புறாமலைத் தீவும், சோமாவதிப் பூங்காவும் அதில் அடங்கும். ஒதுக்குக் காடு என்றால் வன இலாகா. இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அவர்களுடைய சம்மதமும் வேண்டும். போர் நடந்த பகுதிகளில் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் காட்டுக்குள் இறங்காதீர்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தனி.

ஆனியில் களத்துக்குப் போக வேண்டுமானால் மார்கழியிலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேற்பார்வையாளரின் கையொப்பமும் ஆய்வு முன்மொழிவும் ஐப்பசிக்குள் தயாராக இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பொதுவான காரணங்கள்: இடத்தின் வரைபடமும் ஆள்கூறுகளும் இல்லாமை, என்னென்ன மாதிரி எத்தனை சேகரிப்போம் என்று சொல்லாமை, உதவியாளர்களின் பெயர் விடுபட்டிருத்தல். ஒரு இலை பறிப்பதாயினும் எழுதிவிடுங்கள்.

களத்தில் அளத்தல்

மரத்தின் பருமனை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளக்க வேண்டும். அந்த நீளத்துக்கு ஒரு தடியை வெட்டி மரத்தோடு நிறுத்துங்கள். நெஞ்சுயரம் என்று உத்தேசமாகப் பிடித்தால் ஆளுக்கு ஆள் மாறும். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். நாடாவுக்கும் பட்டைக்கும் இடையில் கொடி சிக்கியிருந்தால் விலக்குங்கள். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம்: 94 சென்ரிமீற்றர் வந்தால் விட்டம் ஏறத்தாழ 29.9. 1.3 மீற்றருக்குக் கீழே கிளைத்தால் இரண்டு தண்டுகளாக எழுதுங்கள். பாலை, வீரை, முதிரைக் காடுகளிலும், வெளிநாட்டு மர வணிகத்தில் எங்கள் ஊர்ப் பெயரையே பெற்ற சாவண்டலையிலும் இந்த முறை போதும். கண்டலுக்குப் போதாது. அங்கே தண்டிலிருந்து சேற்றுக்குள் இறங்கி மரத்தைத் தாங்கும் முண்டுவேர்களில் மிக மேலிருப்பதிலிருந்து 30 சென்ரிமீற்றர் மேலே அளக்க வேண்டும்.

கொட்டியாரக் குடா ஓரத்துக் கண்டற் காட்டில் கட்டங்களைக் கண்ட இடத்தில் போடாமல், நீர்க்கரையிலிருந்து தரைப்பக்கமாக ஒரே நேர்கோட்டில் 10க்கு 10 மீற்றராக அடுக்குங்கள். கண்டல், கண்ணா, தில்லை என்று இனங்கள் பட்டை பட்டையாக மாறுவது அப்போதுதான் தெரியும். இங்கே கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. எனவே ஆற்று வெள்ளத்தையும் உப்புச் செறிவையும் பதியாமல் வற்றுப்பெருக்கை மட்டும் வைத்து விளக்கம் எழுதினால் அது நிற்காது.

புள்ளிமான் போன்றவற்றைக் காட்டில் எண்ணக் கோட்டுவழி முறை, அதாவது முன்கூட்டியே குறித்த நேர்கோட்டில் நடந்து காண்பவற்றைப் பதியும் முறை, நல்லது. கோடு வீதியை ஒட்டிப் போகக்கூடாது. வீதியோரப் புல்லுக்கு விலங்கு வரும், அல்லது வாகனத்துக்குப் பயந்து ஒதுங்கும், இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். விலங்கைக் கண்டதும் தூரத்தையும் கோணத்தையும் எடுங்கள். 40 மீற்றரில், கோட்டிலிருந்து 30 பாகையில் நின்றால் செங்குத்துத் தூரம் 20 மீற்றர். கண்ணால் மதிப்பிட்டால் எல்லாம் 10, 20, 50 என்று குவிந்துவிடும். தூரமானி இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். மானை முதலில் கண்ட இடத்தை விட்டு, அது விலகி ஓடிப்போய் நின்ற இடத்தை எழுதினால் அடர்த்தி குறைவாக வரும். நம்பத்தக்க முடிவுக்கு 60 முதல் 80 காட்சிகள் வேண்டும். ஒரு கூட்டம் ஒரு காட்சி. முன்னோட்டத்தில் 5 கிலோமீற்றரில் 4 காட்சி கிடைத்தால், 60 காட்சிக்கு 75 கிலோமீற்றர் நடக்க வேண்டும்: 5 கிலோமீற்றர்க் கோடுகள் ஐந்து, ஒவ்வொன்றும் மூன்று முறை. பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் மான்களுக்கு இது பொருந்தாது. ஆட்களுக்குப் பழகிய அவற்றை, இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பலர் ஒரே நேரத்தில் நின்று எண்ணுவதே சரி.

கல்வி உளவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு

காட்டுக்குப் போகாமல் கல்வி உளவியலில் முதுமாணி செய்யும் ஆசிரியர்களுக்கும் இதே பின்னோக்கிய திட்டமிடல்தான். இங்கே பருவத்தின் இடத்தில் பாடசாலைத் தவணையும் பரீட்சைக் காலமும் வருகின்றன. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் அனுமதி, வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிவித்தல், அதிபரின் சம்மதம், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், எல்லாவற்றுக்கும் முன்னால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். இந்த ஒப்புதலைத் தரவு எடுத்த பிறகு வாங்க முடியாது; வாங்காமல் நிரப்பிய வினாக்கொத்துகள் அத்தனையும் வீண்.

ஆங்கில அளவுகோலை (மனநிலையை அளக்கும் வினாத்தொகுதியை) தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். பொருள் விலகிய வினாக்கள் அப்போது வெளியே வரும். பின்னர் சுமார் 30 மாணவரிடம் முன்னோட்டம். வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் அல்பா 0.70க்குக் கீழே வந்தால் உடனே வினாக்களை நீக்கத் தொடங்காமல், மாணவரை உட்காரவைத்து ஒவ்வொரு வினாவையும் எப்படி விளங்கினார்கள் என்று கேளுங்கள். திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர் மூன்றிலும் அதைச் செய்யுங்கள். பேச்சு வழக்கு வேறுபடுவதால் ஒரே வினா வேறு விதமாகப் புரியப்படலாம். ஒரே பாடசாலையின் மூன்று வகுப்புகளில் 120 பேரை எடுப்பதும் மேலே சொன்ன போலி மீள்செய்கைதான். பாடசாலைகளைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் ஆட்களைக் குறையுங்கள்.